மின்னலுக்கு ஏற்ற ஊக்கி
காற்றிலிருந்து உரம் செய்தல் பற்றிச் சில குறிப்புகள்

இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நம்மவர் மத்தியில் நடந்த வாதங்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகவே நின்றன. ஒரு கட்சி, மண்ணைக் கெடுத்த இரசாயனம் ஒழியட்டும் என்றது. மற்றக் கட்சி, விவசாயியைப் பட்டினி போடும் முட்டாள்தனம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் அரசு தடையைத் திரும்பப் பெற்றதும் வாதமும் ஓய்ந்து போயிற்று. இரு கட்சியினரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. அந்த உரம் எங்கே, எப்படி, யாருடைய கையில் உற்பத்தியாகிறது? அதை வேறு விதமாக, சிறிய அளவில், பெரும் ஆலைகளின் தயவின்றிச் செய்ய முடியுமா?

முடியும் என்ற செய்தி சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் அடிபடுகிறது. சூரியப் பலகை, காற்று, தண்ணீர், ஒரு சிறிய மின்னிறக்கக் குழாய் இருந்தால் போதும், தோட்டத்து மூலையிலேயே உரம் செய்யலாம் என்கிறார்கள். இதற்கு இடப்பட்டிருக்கும் பெயர் ‘பிளாஸ்மா ஊக்கல்’. இதில் எவ்வளவு மெய், எவ்வளவு ஆசை என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். நமது சஞ்சிகைகளில் விஞ்ஞானம் பற்றிய எழுத்து அருகியே வருவதால், கொஞ்சம் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

1. நைதரசனின் பிடிவாதம்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். பயிருக்கு அதிகம் வேண்டிய மூலகங்களுள் ஒன்றும் அதுவே. ஆயினும் பயிரால் அதைக் காற்றிலிருந்து நேரே எடுக்க முடியாது. இரண்டு நைதரசன் அணுக்கள் மும்மைப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டு ஒரு மூலக்கூறாக நிற்பதே காரணம். அப்பிணைப்பை உடைக்க ஒரு மூலுக்கு 945 கிலோயூல் சக்தி வேண்டும். தனி மூலக்கூறு ஒன்றுக்குச் சொன்னால் 9.8 இலத்திரன்வோல்ற்று. இயற்கையில் இதைச் செய்பவை அவரையினத்தின் வேர்முடிச்சுகளிலும் மண்ணிலும் வாழும் பற்றீரியாக்களும், சிறிய அளவில் மின்னலும் ஆகும்.

மனிதன் முதலில் பின்பற்ற முயன்றது மின்னலைத்தான் என்பது பலருக்குத் தெரியாது. அது நடந்தது, நம்மில் பல ஆயிரம்பேர் இன்று வாழும் இந்த நோர்வே நாட்டில். துருவ ஒளியை ஆராய்ந்த பௌதிகப் பேராசிரியர் கிறிஸ்தியான் பேர்க்கலாண்ட், 1903இல் மின்காந்தப் பீரங்கி ஒன்றைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்ட முயன்றார். குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பெரும் மின்வில் எழுந்தது. பீரங்கி தோற்றது. ஆனால் அந்த மின்வில், சாம் ஐடே என்ற பொறியியலாளருடன் சேர்ந்து, உரத் தொழிலாக மாறியது. காற்றை மின்வில்லினூடாகச் செலுத்தினால் நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைத்திரிக்கொட்சைட்டு உண்டாகும். அதிலிருந்து நைத்திரிக்கமிலம், அதிலிருந்து கல்சியம் நைத்திரேற்று. 1905இல் நூட்டொடனில் ஆலை இயங்கத் தொடங்கியது, 1911இல் றியூக்கானில் இன்னும் பெரியது. இரண்டு ஊர்களும் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2017இல் புதிய நோட்டு வரும்வரை, நாம் சம்பளமாக வாங்கிய 200 குரோனர் நோட்டில் இருந்த முகம் இந்தப் பேர்க்கலாண்டினுடையதே.

அந்த முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. வாயுவை மூவாயிரம் பாகைக்கு மேல் சூடாக்கியும் வெளிவரும் வாயுவில் நைத்திரிக்கொட்சைட்டு ஏறத்தாழ இரண்டு வீதமே. ஒரு தொன் நைத்திரிக்கமிலத்துக்கு ஏறத்தாழ 15 மெகாவாற்று-மணி மின்சாரம் வேண்டியிருந்தது. நீர்வீழ்ச்சிகள் மலிந்த நோர்வேயில் மட்டுமே கட்டுப்படியாகக்கூடிய கணக்கு இது. 1920களின் இறுதியில் இங்கும் அது கைவிடப்பட்டு, ஜேர்மனியிலிருந்து வந்த முறை இடம்பிடித்தது.

2. ஊக்கியும் அதன் சங்கடமும்

அந்த ஜேர்மன் முறையைப் பாடப்புத்தகத்தில் ‘ஏபர் முறை’ எனப் படித்திருப்பீர்கள். 1909இல் பிறிற்ஸ் ஏபர் ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார். கார்ல் பொஷ் அதை ஆலையாக்கினார். 1913இல் ஒப்பாவில் உற்பத்தி ஆரம்பமானது. நைதரசனும் ஐதரசனும் இரும்பு ஊக்கியின் மேல் 400 - 500 பாகை செல்சியசிலும் நூறு, இருநூறு வளிமண்டல அமுக்கத்திலும் தாக்கமுற்று அமோனியா ஆகின்றன. இன்று உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18 கோடித் தொன் அமோனியா உற்பத்தியாகிறது, மனித குலத்தின் ஏறத்தாழப் பாதி இதனால் உண்கிறது. இதே அமோனியாவிலிருந்துதான் வெடிமருந்தும் வருகிறது. 1990களில் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைப் பட்டியலில் உரமும் சேர்ந்திருந்தது இதனாலேயே. தோட்டக்காரனுக்கு யூரியாவும் இராணுவத்துக்குச் சந்தேகமும் ஒரே மூட்டையில் இருந்தன.

ஏன் இத்தனை வெப்பமும் அமுக்கமும்? இங்கு ஒரு முரண் இருக்கிறது. அமோனியா உருவாகும் தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவது. ஆகவே வெப்பநிலை குறையக் குறையச் சமநிலை அமோனியாவின் பக்கம் சாயும். ஒரு வளிமண்டல அமுக்கத்தில், 200 பாகையில் சமநிலைக் கலவையில் ஏறத்தாழ 15 வீதம் அமோனியா இருக்கலாம். 500 பாகையிலோ அது 0.1 வீதமளவில்தான். அப்படியானால் 200 பாகையிலேயே செய்துவிடலாமே? செய்ய முடியாது. அந்த வெப்பநிலையில் நைதரசனின் பிணைப்பு உடையும் வேகம் மிக மிகக் குறைவு. வேகத்துக்காக வெப்பத்தைக் கூட்டுகிறோம். வெப்பம் கூடியதால் இழந்த விளைவை மீட்க அமுக்கத்தைக் கூட்டுகிறோம். அமுக்கம் கூடியதால் தடித்த உருக்கு, பெரும் முதலீடு, பெரும் ஆலை. அமோனியா ஒரு சில பெருங் கம்பனிகளின் கையில் இருப்பதற்கு அரசியற் காரணங்கள் எத்தனை இருந்தாலும், அடியில் இந்த இரசாயனக் காரணமும் இருக்கிறது.

இதைவிட நல்ல ஊக்கியைத் தேடினால் என்ன? நூறு ஆண்டுகளாகத் தேடித்தான் இருக்கிறார்கள். பொஷ்ஷின் ஆய்வுகூடத்தில் அல்வின் மிற்றாஷ் ஆயிரக்கணக்கான பொருட்களைச் சோதித்தே இரும்புக்கு வந்தார். தேடலுக்கு ஓர் எல்லை இருப்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

ஊக்கியின் மேற்பரப்பைக் கொழும்பில் நம்மவர் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்துக்கிடந்த லொட்ஜுக்கு ஒப்பிடலாம். லொட்ஜ்காரர் வருபவரை ஏற்க மறுத்தால் தொழில் நடக்காது. வந்தவர் போகாமலே தங்கிவிட்டாலும் நடக்காது, அறைகள் நிரம்பிப் புதியவருக்கு இடமிராது. மேற்பரப்பும் மூலக்கூறை அளவாகப் பிடித்து அளவாக விடவேண்டும். பிரெஞ்சு இரசாயனர் போல் சபற்றியே சொன்ன தத்துவம் இது.

சங்கடம் என்னவென்றால், இந்த இரண்டு குணங்களும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. நைதரசன் மூலக்கூறை இலகுவாக உடைக்கும் உலோகம் எதுவோ, அதுவே உடைந்த நைதரசன் அணுவை இறுகப் பிடித்துக்கொள்ளும் உலோகம். மொலிப்டினம் அப்படி. இலகுவாக விட்டுவிடும் உலோகமோ முதலில் உடைக்காது. கோபாற்று, நிக்கல் அப்படி. உலோகங்களை நைதரசனைப் பிடிக்கும் வலுவின் வரிசையில் வைத்துத் தாக்க வேகத்தை வரைந்தால் ஒரு மலைபோன்ற வளையி கிடைக்கும். உச்சிக்கு அண்மையில் இரும்பும் ருத்தேனியமும் நிற்கின்றன. உச்சிக்கு மேலே போக வழி இல்லை, ஏனெனில் உடைத்தலையும் விடுதலையும் தனித்தனியாக மாற்ற வெப்பத்தால் முடியாது. வெப்பம் எல்லாப் படிகளையும் ஒன்றாகவே சூடாக்கும்.

3. குளிர்ந்த பிளாஸ்மா

இங்குதான் பிளாஸ்மா வருகிறது. வாயு ஒன்றுக்குப் போதிய மின்புலம் கொடுத்தால் அதன் சில மூலக்கூறுகள் இலத்திரனை இழக்கும். இலத்திரன், அயன், மூலக்கூறு எல்லாம் கலந்த அந்த நிலையே பிளாஸ்மா. பேர்க்கலாண்டின் மின்வில்லில் எல்லாத் துணிக்கைகளும் சேர்ந்து சூடாகின. ஆனால் வேறொரு வகை உண்டு. இரண்டு மின்வாய்களுக்கிடையில் கண்ணாடி அல்லது குவாட்சுத் தடுப்பொன்றை வைத்து, சில மில்லிமீற்றர் இடைவெளியில் வாயுவைச் செலுத்தி, பல ஆயிரம் வோல்ற்று ஆடலோட்டம் கொடுத்தால், மின்னிறக்கம் வில்லாகத் திரளாமல் நுண்ணிய இழைகளாகத் தோன்றித் தோன்றி அணையும். ஒவ்வோர் இழையின் ஆயுளும் ஒரு செக்கனின் கோடியில் சில பங்குதான். பாரமற்ற இலத்திரன் அதற்குள் வேகம் பெற்றுவிடும். பாரமான மூலக்கூறு சூடாக நேரம் இராது. இலத்திரன்களின் சக்தி சில இலத்திரன்வோல்ற்று, அதாவது பல்லாயிரம் பாகைக்குச் சமம். வாயுவோ கிட்டத்தட்டக் குளிர்ந்தே இருக்கும். வேர்னர் பொன் சீமென்ஸ் 1857இலேயே ஓசோன் செய்ய இதைப் பயன்படுத்தினார்.

இது ஆய்வுகூடத்து அதிசயம் அல்ல. ஊரில் பௌதிக இரசாயனம் கற்பித்த நான், இப்போது பொலித்தீன் படலம் அச்சிடும் தொழிற்சாலையொன்றில் நிற்கிறேன். அங்கே மை ஒட்டாத பொலித்தீனை ஒட்டவைப்பதற்காகப் படலத்தை உருளைமேல் ஓடவிட்டு மேலிருந்து ஊதா நிற மின்னிறக்கம் கொடுக்கிறோம். படலத்தின் மேற்பரப்பில் ஒட்சிசன் கூட்டங்கள் ஏறுகின்றன, மை பிடிக்கிறது. கூடவே ஓசோன் மணமும். படலம் கையால் தொடுமளவு குளிர்ச்சியாகவே இருக்கும். நான் சொல்லும் பிளாஸ்மா இந்த வகையைச் சேர்ந்ததே.

4. கதியாலை ஆட்டிப் பிடுங்குதல்

இலத்திரன் ஒன்று நைதரசன் மூலக்கூறில் மோதும்போது பல விளைவுகள் நேரலாம். மூலக்கூறு முற்றாக உடையலாம், அதற்கு 9.8 இலத்திரன்வோல்ற்று வேண்டும். அயனாகலாம், அதற்கு 15.6. ஆனால் மலிவான விளைவொன்றும் உண்டு. இரண்டு அணுக்களும் சுருள்வில்லில் கட்டிய குண்டுகள்போல் அதிரத் தொடங்கலாம். இதற்கு ஒரு படிக்கு 0.29 இலத்திரன்வோல்ற்றே போதும்.

வேலிக் கதியாலைப் பிடுங்குபவர் நேரே இழுப்பதில்லை. அங்குமிங்கும் ஆட்டித் தளர்த்திவிட்டே இழுப்பார். அதுபோல், ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் நைதரசன் மேற்பரப்பில் வந்து விழுந்தால், அதை உடைக்க உலோகம் படவேண்டிய பாடு குறையும். நாம் கவனிக்க வேண்டியது, இந்த ஆட்டம் உடைத்தல் என்ற படிக்கு மட்டுமே உதவுகிறது என்பதை. உடைந்த அணுவுக்கு ஐதரசன் ஏறுவதும், அமோனியா மேற்பரப்பை விட்டு நீங்குவதும் முன்போலவே நடக்கும். வெப்பத்தால் செய்ய முடியாத பிரிப்பு இங்கே நடக்கிறது.

அமெரிக்காவின் நொற்றடாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 2018இல் இதைக் கணித்து வெளியிட்டனர். அவர்களது வாதம் எளிமையானது. உடைக்கும் வேலையைப் பிளாஸ்மா பங்கிட்டுக்கொண்டால், ஊக்கியிடம் நாம் எதிர்பார்க்கும் குணம் மாறும். உடைக்கத் தெரிந்த உலோகம் இனித் தேவையில்லை, விடத் தெரிந்த உலோகமே தேவை. ஆகவே மலையின் உச்சி இடம்பெயர வேண்டும், நைதரசனை மெதுவாகப் பிடிக்கும் கோபாற்று, நிக்கல் பக்கமாக. வளிமண்டல அமுக்கத்தில் தடுப்பு மின்னிறக்கக் குழாயில் அவர்கள் செய்த பரிசோதனைகளும் இந்தத் திசையையே காட்டின. சாதாரண முறையில் இரும்புக்குப் பின்னே நின்ற உலோகங்கள் பிளாஸ்மாவில் முன்னுக்கு வந்தன.

நூறு ஆண்டுகளாக எல்லையென்று கருதப்பட்ட ஒன்று உண்மையில் வெப்பத்தால் மட்டும் இயங்கும் முறையின் எல்லையே, இயற்கையின் எல்லை அல்ல. இந்தக் கருத்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய முறைக்குச் சிறந்த ஊக்கியைத் தூக்கி வந்து புதிய குழாயில் போடுவது பயனற்றது. புதிய நிலைமைக்குரிய ஊக்கியைப் புதிதாகவே யோசிக்க வேண்டும்.

5. மறுப்பும் சந்தேகமும்

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையே சொன்னவனாவேன். அதிர்வு விளக்கத்துக்கு வலுவான மறுப்பு உண்டு. தடுப்பு மின்னிறக்கத்தில் மின்புலம் மிகக் கடுமையானது. இலத்திரன்கள் நைதரசனை ஆட்டிவிடுவதோடு நிற்பதில்லை, கணிசமான பங்கை நேரடியாகவே உடைத்துவிடுகின்றன. அப்படி வாயுவிலேயே தனி அணுக்களும் மூலிகங்களும் உண்டாகிவிட்டால், மேற்பரப்பு செய்ய வேண்டியது அவற்றைப் பிடித்து ஐதரசனோடு சேர்ப்பதே. அதை எந்த மேற்பரப்பும் ஓரளவுக்குச் செய்யும். உலோகமே இல்லாத வெறும் அலுமினா நிரப்பிய குழாயிலும் அமோனியா உண்டாகிறது என்பது பலரும் கண்ட உண்மை. அப்படியாயின் கோபாற்றா இரும்பா என்ற கேள்வியின் கனமே குறைந்துவிடுகிறது.

இரண்டு விளக்கங்களில் எது சரி என்பது குழாயின் வகையையும் மின்வலுவையும் வெப்பநிலையையும் பொறுத்தது எனலாம். தீர்ப்பைக் கடினமாக்குவது அளவீடு. உலோகத் துணிக்கைகளைக் குழாயில் இட்டதும் மின்னிறக்கத்தின் தன்மையே மாறிவிடுகிறது. விளைவு கூடினால் அது ஊக்கலாலா, பிளாஸ்மா மாறியதாலா, ஊக்கி சூடேறியதாலா? வெறுங்குழாய், வெறுந்தாங்கி, உலோகம் ஏற்றிய தாங்கி ஆகிய மூன்றையும் ஒரே மின்வலுவில் ஒப்பிட வேண்டும். மின்வலுவைச் சுவர்ச் செருகியில் அல்ல, குழாயிலேயே அளக்க வேண்டும். மின்னேற்றத்தையும் வோல்ற்றளவையும் எதிரெதிரே வரைந்து கிடைக்கும் மூடிய வளையியின் பரப்பே ஒரு சுற்றில் செலவான சக்தி. இவற்றைச் செய்யாத ஆய்வின் முடிவை நான் நம்பத் தயாரில்லை.

6. வடிவமைப்பு என்றால் என்ன

இந்தச் சந்தேகங்களோடும், நல்ல ஊக்கிக்குரிய சில விதிகள் தெளிவாகி வருகின்றன.

முதலாவது, துளைகளின் அளவு. சாதாரண ஊக்கியில் உலோகத்தைச் சில நனோமீற்றர் அகலமுள்ள துளைகளுக்குள் பரப்பி வைப்பார்கள், பரப்பு கூடும் என்பதற்காக. வளிமண்டல அமுக்கத்தில் அவ்வளவு ஒடுங்கிய துளைக்குள் பிளாஸ்மா உருவாகாது. அதிரும் மூலக்கூறுகளும் மூலிகங்களும் வெகுதூரம் செல்லுமுன் தம் சக்தியை இழந்துவிடும். துளைக்குள் மறைந்த உலோகம் பிளாஸ்மாவின் விளைபொருளைக் காண்பதேயில்லை. ஆகவே உலோகத்தை வெளிப்புறத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தத் துளைகளும் வீணல்ல. பிளாஸ்மா நைதரசனை உடைப்பதுபோல் உண்டான அமோனியாவையும் உடைக்கும், அதன் பிணைப்போ இன்னும் பலவீனமானது. பிளாஸ்மா நுழைய முடியாத துளை, அமோனியாவுக்கு அடைக்கலமாகும். சியோலைற்று போன்ற பொருட்கள் அமோனியாவை உள்ளே உறிஞ்சி வைத்துக் காக்கின்றன. வெளியே உடைப்பு, உள்ளே காப்பு என்ற இந்த இரட்டை அமைப்பு, உலோகத் தெரிவைவிடவும் பயன் தரக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, தாங்கியின் மின்குணம். பேரியம் தைத்தனேற்று போன்ற மின்னுழைய மாறிலி கூடிய பொருள்களின் மணிகள் தொடுமிடங்களில் மின்புலம் குவிகிறது, மின்னிறக்கம் அங்கே தீவிரமாகிறது. உலோகம் அதிகமானால் மின்னைக் கடத்தித் தீப்பொறியாகவும் முடியலாம். ஆக, ஊக்கியை வடிவமைப்பவர் கூடவே பிளாஸ்மாவையும் வடிவமைக்கிறார். இரசாயனரும் மின்பொறியியலாளரும் தத்தம் அறையில் இருந்து இதைச் செய்ய முடியாது.

7. கணக்கு

இனி, ஆசைக்கு அளவுகோல் வைப்போம். இயற்கை வாயுவில் இயங்கும் நவீன ஆலை ஒரு தொன் அமோனியாவுக்கு ஏறத்தாழ 28 - 30 கிகாயூல் செலவழிக்கிறது, அதாவது கிலோவுக்கு 8 கிலோவாற்று-மணி. மறுவிதமாகச் சொன்னால் ஒரு கிலோவாற்று-மணிக்கு 120 கிராம் அளவில். பிளாஸ்மா ஊக்கலில் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவது ஒரு கிலோவாற்று-மணிக்கு ஒரு சில கிராம். மிகச் சிறந்தவை 20 முதல் 40 வரை. ஐதரசனைத் தயாரிக்கும் செலவும், ஐதான வாயுக் கலவையிலிருந்து அமோனியாவைப் பிரிக்கும் செலவும் இதில் அடங்கா.

ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு ஹெக்ரேயர் நெல்லுக்கு 100 கிலோ நைதரசன் என்று கொண்டால் 120 கிலோ அமோனியா வேண்டும். சிறந்த விளைவான 30 கிராமில், 4,000 கிலோவாற்று-மணி. யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு கிலோவாற்றுச் சூரியப் பலகை ஆண்டுக்கு 1,400 கிலோவாற்று-மணி தரும் என்றால், மூன்று கிலோவாற்றுப் பலகை ஆண்டு முழுவதும் இதற்காகவே உழைக்க வேண்டும். வழக்கமான விளைவான 5 கிராமில் 17 கிலோவாற்றுப் பலகை. முன்னையது எட்டாத கனவு அல்ல. பின்னையது ஒரு சிறு தோட்டக்காரனுக்கு அர்த்தமற்றது. இந்த இரண்டு எண்களுக்கிடையிலான தூரமே ஊக்கி வடிவமைப்பில் தங்கியிருக்கிறது.

ஐதரசனே வேண்டாம், பேர்க்கலாண்ட் வழியில் ஒட்சிசனோடு சேர்ப்போம் என்போரும் உண்டு. 2021இல் நுண்ணலைப் பிளாஸ்மாவில் ஒரு மூலுக்கு 2 மெகாயூல் என்ற அளவு எட்டப்பட்டது. இது நூட்டொடன் ஆலையைவிடச் சற்றே மேல். 1980களில் சோவியத் ஆய்வாளர்கள் 0.3 மெகாயூல் என்று அறிவித்ததை ஆர்வலர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் வெற்றிடப் பம்பிகளும் காந்தமும் தின்ற சக்தி சேர்க்கப்படவில்லை என்பதும், அது பின்னர் திரும்பச் செய்து காட்டப்படவில்லை என்பதும் அவர்களது எழுத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

8. விவாதத்துக்காக

2021 - 22இல் இயற்கை வாயுவின் விலை ஏறியபோது ஐரோப்பிய அமோனியா ஆலைகளே உற்பத்தியைக் குறைத்தன. உரம் ஒரு சில இடங்களில் குவிந்திருப்பது பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவனுக்கு மட்டும் உரிய கவலை அல்ல என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. சூரியன் உள்ளபோது ஓடி, இல்லாதபோது நிற்கக்கூடிய சிறு உற்பத்தி முறைக்கு இதனாலேயே ஒரு நியாயம் இருக்கிறது. ஏபர் ஆலையை நினைத்தபடி நிறுத்தித் தொடங்க முடியாது. மின்னிறக்கக் குழாயை ஒரு ஆளி போட்டு நிறுத்தலாம்.

ஆயினும், சிறிய இயந்திரம் என்பதாலேயே அது மக்களுடைய இயந்திரம் ஆகிவிடாது. ஊக்கியின் காப்புரிமை யாரிடம், மணிகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற யாரிடம் கைநீட்ட வேண்டும், பழுதானால் திருத்தத் தெரிந்தவர் ஊரில் இருப்பாரா? அமோனியா நச்சு வாயு. அதைத் தோட்டத்து மூலையில் சேமிப்பது யாருடைய பொறுப்பு? இரும்பும் நிக்கலும் மலிவானவை என்பது ஓர் ஆறுதல். அவற்றை எப்படிப் பரப்புவது, எந்தத் தாங்கியில் வைப்பது என்ற அறிவு மலிவாகக் கிடைக்குமா என்பதே கேள்வி.

என் நிலைப்பாடு இதுதான். பிளாஸ்மா ஊக்கல் பொய் அல்ல. அதன் அடிப்படைக் கருத்து, ஊக்கல் பற்றிய நமது விளங்கலையே திருத்தக்கூடியது. ஆனால் இன்றைய நிலையில் அதை வன்னியிலோ வலிகாமத்திலோ உள்ள விவசாயிக்குத் தீர்வு என்று விற்பவர் அவரை ஏமாற்றுகிறார். ஊரில் பல்கலைக்கழகங்களுக்கு உதவ விரும்பும் நம்மவர், பெரிய கருவியொன்றை வாங்கிக் கொடுத்துப் படம் எடுப்பதைவிட, ஒரு கண்ணாடிக் குழாயும் உயர் வோல்ற்று மாற்றியும் ஒழுங்கான அளவுகருவிகளும் கொடுத்து, நான் மேலே சொன்ன மூன்று ஒப்பீடுகளையும் மாணவர்கள் தாங்களே செய்ய வழிசெய்யலாம். அது பெரிய பணம் பிடிக்கும் வேலை அல்ல. இவ்விதழின் வாசகர்களிடையே இரசாயனமும் மின்பொறியியலும் படித்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் பலர் இருப்பதை அறிவேன். என் கணக்கில் மறுப்பு இருந்தால், அடுத்த இதழுக்கு எண்களோடு எழுதுங்கள்.